ஒரே வருமானம், பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்று மட்டும் ஏன் எழ முடியவில்லை? கணக்கெடுப்பில் சமூக ஒதுக்கலை எப்படிப் பதிவு செய்வது?

ஈஜிபுரா_47 கேட்டது:

வணக்கம். பெங்களூரில் ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓரமாக இருக்கிற ஒரு குடியிருப்பில் 180 வீடுகளைக் கணக்கெடுக்கப் போகிறோம். முக்கால்வாசி தமிழ்க் குடும்பங்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கட்டட வேலை, வீட்டு வேலை, குப்பை பிரிப்பு. பௌரகார்மிகர் (மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்) குடும்பங்களும் சில உண்டு. தன்னார்வலர்கள் ஆறு பேர், கையில் மூன்று ஞாயிறு.

முன்பு வேறொரு குழு எடுத்த படிவம் கிடைத்தது. வருமானம், கடன், வீட்டுச் சாமான், கழிப்பறை உண்டா, வங்கிக் கணக்கு உண்டா என்று போகிறது. அதில்தான் குழப்பம். பக்கத்துப் பக்கத்து வீடு, இரண்டிலும் நாலு பேர், மாதம் 18,000 சுமார். ஒரு வீட்டில் பெண் பி.யு.சி. (இங்கே பிளஸ் டூ மாதிரி) படிக்கிறது, சீட்டு கட்டுகிறார்கள். அடுத்த வீட்டில் பத்து வட்டிக் கடன், பையன் ஏழாவதோடு நின்றுவிட்டான். படிவத்தில் இரண்டும் அச்சு அசல் ஒரே வீடு.

"இது வெறும் வறுமை இல்லை, ஒதுக்கல். அதைத் தனியாகக் கேட்க வேண்டும்" என்கிறார் குழுவில் ஒருவர். எப்படிக் கேட்பது? "உங்களை யாராவது ஒதுக்குகிறார்களா" என்று வாசலில் நின்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? வறுமையால் ஒதுக்கலா, ஒதுக்கலால் வறுமையா, எதை முதலில் வைத்துப் படிவம் போடுவது என்றும் புரியவில்லை.

---

நெடுவரிசை எழுதியது:

"உண்டா, இல்லையா" என்று கேட்கிற படிவத்தில் ஒதுக்கல் சிக்காது. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டையே பாருங்கள். 12 குறிகள்; ஊட்டச்சத்து முதல் சமையல் எரிபொருள் வரை. எடை போட்ட பற்றாக்குறை மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் அந்த வீடு ஏழை. வருமானத்தை மட்டும் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அதில் 12-வது குறி வங்கிக் கணக்கு. கணக்கு இருந்தால் பற்றாக்குறை இல்லை. அந்தக் கணக்கை வைத்து ஒரு கடன் கேட்கப் போனால் என்ன ஆகிறது என்பதற்கு அங்கே கட்டமே கிடையாது.

ஒதுக்கல் என்ற சொல்லுக்கு வரலாறு உண்டு. 1974-ல் பிரான்சில் ரெனே லெனுவார் ஒதுக்கப்பட்டோர் என்று பட்டியல் போட்டபோது அதில் ஏழைகள் மட்டும் இல்லை. உடல் ஊனமுற்றோர், முதியோர், தனியாகப் பிள்ளை வளர்ப்போர், போதைக்கு அடிமையானோர் எல்லாம் இருந்தார்கள். நம் வேலைக்கு அதிகம் உதவுவது பொருளியலாளர் அமர்த்தியா சென் 2000-ல் செய்த பிரிப்பு. வேண்டுமென்றே கதவைச் சாத்துவது ஒரு வகை. யாரும் குறிவைக்காமல், விதி போட்ட விதத்திலேயே சிலர் வெளியே நின்றுவிடுவது இன்னொரு வகை. வீட்டுக்காரர் சாதி கேட்டு வாடகைக்கு மறுப்பது முதல் வகை. தேய்ந்த கட்டைவிரலை ரேஷன் கடைக் கைரேகை மெஷின் ஏற்காதது இரண்டாம் வகை. நிவாரணம் வேறு வேறு என்பதால் படிவத்தில் இரண்டும் கலக்கக் கூடாது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். உணர்வைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். ஒன்பது இடம்: ரேஷன் கடை, பள்ளி, அரசு மருத்துவமனை, வங்கி, நாடகச்சேரி (சாதி, வருமானச் சான்று தரும் வருவாய்த்துறை அலுவலகம்), காவல் நிலையம், தண்ணீர், வாடகை வீடு, வேலை கேட்ட இடம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்:

0 – தேவைப்படவில்லை
1 – போனோம், கிடைத்தது
2 – அலையவிட்டு, அல்லது காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்
3 – போனோம், கிடைக்கவில்லை
4 – போகவே இல்லை; போனாலும் கிடைக்காது என்று தெரியும்

பழைய படிவத்தில் 0, 3, 4 மூன்றும் "இல்லை" என்ற ஒரே கட்டத்தில் விழுந்திருக்கும். உங்கள் இரண்டு வீடும் ஒன்றாகத் தெரிந்தது அதனால்தான். நாலாம் எண்ணைச் சுலபமாக விட்டுவிடுவார்கள். "பேங்க்ல லோன் வாங்கினீங்களா?" "இல்லைங்க." அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார் தன்னார்வலர். அங்கே நின்று "தேவைப்படலையா, கேட்டும் தரலையா, கேட்கவே போகலையா?" என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதை ஒத்திகை பார்க்காமல் களத்தில் இறங்காதீர்கள்.

2, 3 வந்தால் நாலு துணைக் கேள்வி. எத்தனை தடவை போனீர்கள், எத்தனை நாள் கூலி போனது, என்ன காரணம் சொன்னார்கள் (அவர்கள் வாயிலிருந்து வந்த வார்த்தையிலேயே எழுதுங்கள்), அப்புறம் என்ன செய்தீர்கள். 4 வந்தால் கடைசிக் கேள்வி மட்டும். ஒதுக்கல் வறுமையாக மாறுகிற இடம் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் தெரியும். ஓர் உதாரணக் கணக்கு: நாலு பேருக்குத் தலைக்கு 5 கிலோ, மாதம் 20 கிலோ அரிசி இலவசமாக வர வேண்டும். வரவில்லை. கடையில் கிலோ 45 என்றால் மாதம் 900, வருடம் 10,800. அதைக் கடன் வாங்கிச் சமாளித்தால் வட்டி தனி. இந்தப் பணம் வருமானக் கட்டத்தில் எங்கேயும் தெரியாது. இரண்டு வீட்டுக்கும் 18,000 என்றுதான் இருக்கும்.

நினைவுக் காலம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைக்க வேண்டாம். ரேஷன், தண்ணீருக்கு 30 நாள். மருத்துவமனை, வங்கி, வேலைக்கு 12 மாதம். பள்ளிச் சேர்க்கை, சான்றிதழ், வாடகைக்கு 3 வருடம். எது முதலில் வந்தது என்பதைப் படிவம் முடிவு செய்யக் கூடாது. மறுத்த மாதமும் வருடமும், கடன் தொடங்கிய மாதமும் வருடமும் எழுதிக்கொண்டால் வரிசை தானாக விழும். சில வீடுகளில் ஒரு திசை, சில வீடுகளில் மறு திசை என்றுதான் வரும்.

---

நடைபாதை எழுதியது:

மேலே சொன்னது சரி. நான் ரேஷன், ஆதார் பக்கம் மட்டும் சொல்றேன், ஏன்னா உங்க 180 வீட்ல பாதி 3-ம் 4-ம் அங்கதான் விழும்.

முதல்ல எந்த மாநில அட்டைன்னு கேளுங்க. தமிழ்நாட்டு அட்டைன்னா அதுல பி.எச்.எச். (முன்னுரிமை அட்டை) போட்டிருக்கா, என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாதது) போட்டிருக்கான்னு அட்டையை வாங்கிப் பாருங்க, வாய்ச்சொல்லை நம்பாதீங்க. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்ற அட்டைக்கு மட்டும்தான். பி.எச்.எச்., அந்த்யோதயா (பரம ஏழைகளுக்கான அட்டை) ரெண்டும் இங்க நியாயபெலெ அங்கடியில (ரேஷன் கடையில) செல்லும். என்.பி.எச்.எச். செல்லாது. ஊர்ல அந்த அட்டைக்கும் அரிசி கிடைக்குது, அதனால "அட்டை இருக்கே, ஏன் தரமாட்டேங்கறான்"னு கடைக்காரர்கிட்ட சண்டை போடுவாங்க. கடைக்காரர் மேல தப்பு இல்ல. சென் சொன்ன ரெண்டாவது வகை இது.

செல்லுற அட்டைக்கும் மத்திய பங்கு மட்டும்தான் வரும். கர்நாடகா கூடுதலாத் தர்றது இந்த வழியில வராது. ஊர்ல இருக்கற பாட்டி அந்த மாசம் மொத்தப் பங்கையும் வாங்கிட்டா இங்க பூஜ்யம். பாட்டி பங்கை அங்கயும் மிச்சத்தை இங்கயும் பிரிச்சு வாங்கலாம்னு பல வீட்டுக்குத் தெரியாது.

அடுத்தது கைரேகை. சிமென்ட் கலக்கறவங்க, பாத்திரம் தேய்க்கறவங்க, குப்பை பிரிக்கறவங்க, மூணு பேருக்கும் ரேகை தேஞ்சிருக்கும். மெஷின்ல வலது கட்டைவிரல் மட்டும் மூணு தடவை வெச்சுட்டு "வரலம்மா, அடுத்த வாரம் வா"ன்னு அனுப்பிடுவாங்க. பத்து விரலையும் வைக்கலாம், வீட்ல வேற உறுப்பினரும் வைக்கலாம், கண் கருவி இருந்தா அதுவும் ஆகும். ஆதார் சரியா வேலை செய்யலைங்கற காரணத்துக்காக ரேஷனை மறுக்கக் கூடாதுன்னு 24-10-2017-ல மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதமே எழுதியிருக்கு. ஆதாரையும் அட்டையையும் காட்டினா தனிப் பதிவேட்டுல எழுதிக் கொடுக்கணும். சிக்கல் என்னன்னா, வெளிமாநில அட்டைக்கு மெஷின்ல ஆதார் உறுதியாகாம பரிவர்த்தனையே ஓடாது. அதே தேஞ்ச விரலுக்கு ஊர்ல மாற்று வழி இருக்கு, இங்க இல்ல. அதனால "கிடைக்கலை"ன்னு மட்டும் எழுதாதீங்க. எந்த மாநில அட்டை, எத்தனை விரல் வெச்சாங்க, மெஷின்ல என்ன எழுத்து வந்துச்சுன்னு எழுதுங்க. புகாருக்கு 1967. பிள்ளைங்களுக்கு 5 வயசுலயும் 15 வயசுலயும் ரேகை புதுப்பிக்கணும், அதை விட்டுட்டு "பையன் விரல் விழல"ம்பாங்க.

அதைவிடப் பெரிய மாட்டல் முகவரி. ஆதார்ல திருவண்ணாமலை முகவரி இருந்தா சக்தி திட்டத்துல பெண்களுக்கு இலவச பஸ் கிடையாது, கர்நாடக முகவரி இருக்கணும். குடும்பத் தலைவிக்கு மாசம் தர்ற க்ருஹலக்ஷ்மி 2,000 வேணும்னா கர்நாடக ரேஷன் அட்டை வேணும். அதுக்கு ஊர் அட்டையில பேரை நீக்கணும். தயவுசெஞ்சு உங்க தன்னார்வலர் யாரும் ஆர்வக் கோளாறுல "முதல்ல ஊர் அட்டையை ஒப்படைச்சுருங்க"ன்னு சொல்லிடாதீங்க. இங்க புது பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழ்) அட்டை விண்ணப்பம் எப்பவும் திறந்திருக்காது. நீக்கிட்டு வந்து நின்னா ரெண்டு மாநிலத்துலயும் அட்டை இல்லாம மாசக்கணக்குல உக்காரணும். ஊர்ல 1,000 ரூபா மகளிர் உரிமைத் தொகை வந்துட்டிருந்தா அதுக்கும் ஆபத்து. வரிசை இதுதான்: இங்க விண்ணப்பம் திறந்திருக்கான்னு பாரு, வருமானச் சான்று வாங்கு, வாடகை ஒப்பந்தத்தை வெச்சு ஆதார் முகவரி மாத்து, அப்புறம் ஊர்ல பேர் நீக்கு, அதே வாரம் இங்க போடு.

வாடகை ஒப்பந்தம் கொடுக்கமாட்டாங்க வீட்டுக்காரங்க, அது தனிக் கதை. சமையல் கேஸுக்கு மட்டும் உஜ்வலா 2.0-ல புலம்பெயர்ந்தவங்க முகவரிக்குத் தாங்களே எழுதிக் கொடுக்கற உறுதிமொழி போதும், 2021-லேர்ந்து. அதைச் சொல்லிக் கொடுங்க.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஒதுக்கல், விலக்கல் என்று புதுப்புதுச் சொல்லாகப் போட்டு வறுமையைப் பூசி மெழுகுவதாகவே எனக்குப் படுகிறது. நீங்கள் சொன்ன ஒன்பது இடத்திலும் கையில் ஐந்நூறு ரூபாய் இருந்தால் வேலை நடக்கும். கூலியை உயர்த்துங்கள், பாதி ஒதுக்கல் போய்விடும். வேலைவாய்ப்பையும் வருமானத்தையும் கேட்டுவிட்டுப் போங்கள், 180 வீட்டையும் ஆராய்ச்சி ஆக்காதீர்கள்.

---

நெடுவரிசை எழுதியது:

வாத்தியார் சொல்வதில் ஒரு பகுதி சரி. அதற்காகத்தான் எண் 2-ல் காசையும் சேர்த்தேன். துணைக் கேள்வியில் எவ்வளவு காசு என்பதையும் கேட்கலாம், நல்ல திருத்தம்.

மற்ற பகுதிக்கு ஒரு சோதனை உண்டு. 2007-ல் வெளியான தோரட், ஆட்டிவெல் ஆய்வு. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி, வேறு வேறு பெயர் போட்டு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வருகிற சாத்தியத்தை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. விண்ணப்பித்தவர் வருமானம் அந்தத் தாளில் எங்கும் இல்லை. ஐந்நூறு ரூபாய் நீட்ட அங்கே கவுன்டரும் இல்லை.

உங்கள் குடியிருப்பிலேயே இதற்கு எதிர்முனை கிடைக்கும். வேலை நிரந்தரமான பௌரகார்மிகர் வீட்டில் மாதச் சம்பளம் வங்கியில் விழும். வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பார்கள். வாடகை வீடு தேடும்போது என்ன வேலை என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மூன்று வீட்டில் நல்ல கூலி. ஆனால் தனி லிஃப்ட், சிங்க் அடியில் கவிழ்த்து வைத்த தனி டம்ளர், அடுக்ககக் கழிப்பறைக்குப் போகத் தடை. தண்ணீரே குடிக்காமல் வேலை செய்துவிட்டு வந்தால் சிறுநீர்த் தொற்று வரும், மருந்துச் செலவு வரும், நாலு நாள் கூலி போகும். படிவத்தில் அது "உடல்நலச் செலவு" என்று மட்டும் பதிவாகும்.

வருமானம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிவில் நாலு கட்டம் போட்டுப் பாருங்கள்: (1) ஏழை, ஒதுக்கல் உண்டு; (2) ஏழை, ஒதுக்கல் இல்லை; (3) ஏழை இல்லை, ஒதுக்கல் உண்டு; (4) இரண்டும் இல்லை. மூன்றாவது கட்டம் காலியாக வந்தால் வாத்தியார் ஜெயித்தார்.

---

மஞ்சள்_கோப்பு எழுதியது:

சாதிச் சான்றிதழைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழ்த் தலித் குடும்பங்கள் அதிகம் உள்ள இடத்தில் இதைத் தனிப் பக்கமாகவே வையுங்கள்.

ஆதி திராவிடர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு, கர்நாடகப் பட்டியலிலும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஊர்ச் சான்று இங்கே செல்லும் என்று நினைக்கிறார்கள். செல்லாது. பட்டியல் சாதி என்பது மாநிலத்தோடு கட்டியது. மாநிலம் மாறிப் போனவர் போன இடத்தில் அந்தத் தகுதியைக் கேட்க முடியாது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டியல் சாதி ஆணை வந்த 10-8-1950-க்கு முன்பே குடும்பம் இங்கே நிரந்தரமாகக் குடியிருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு வந்த குடும்பத்துக்கு, அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றை வைத்து இங்கேயே புலம்பெயர்ந்தோர் சான்று வாங்கலாம். மத்திய உள்துறையின் 1982, 1985 கடிதங்கள் அதற்கு வழி செய்கின்றன. அது மத்திய அரசு வேலைக்கும் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கும் உதவும், கர்நாடக ஒதுக்கீட்டுக்கு உதவாது. பிள்ளை பத்தாவது முடித்தபிறகு இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வருடம் போய்விடும். அதனால் எட்டாவது படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளைத் தனியாகக் குறியுங்கள்.

பழைய குடும்பங்களுக்கு 1950-க்கு முந்தைய ஆதாரம் எங்கே தேடுவது? தாத்தாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பின்னி மில் அல்லது கோலார் தங்கவயல் வேலைச் சீட்டு, கன்டோன்மென்ட் வீட்டு வரி ரசீது. சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டையும் சிலர் எடுத்துக்கொண்டு போவார்கள். கவனம். குடியிருப்பை நிரூபிக்கிற அதே தாள் மதத்தையும் நிரூபித்துவிடும். பின்னர் திருத்தப்பட்ட அந்த 1950 ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதி. ஒரே தெருவில், ஒரே வேலையில், ஒரே ஒதுக்கலை அனுபவிக்கிற இரண்டு வீட்டில் ஒன்றுக்கு மட்டும் உதவித்தொகை வருவது பெரும்பாலும் இதனால்தான். ஈஜிபுரா_47 சொன்ன இரண்டு வீட்டிலும் இதை முதலில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. அப்பா சான்றில் பறையன், மகன் டி.சி.யில் ஆதி திராவிடர் என்று இருக்கும். தமிழ்நாட்டுப் பட்டியலில் இரண்டும் தனித்தனிப் பெயர்கள். நாடகச்சேரியில் கோப்பு அங்கேயே நிற்கும். "சாதிச் சான்று உண்டா" என்று கேட்காமல் "எந்தெந்தத் தாளில் என்னென்ன எழுதியிருக்கிறது" என்று கேளுங்கள்.

---

பழைய_அல்சூர் எழுதியது:

களத்தில் கெட்டுப்போகிற விஷயங்கள் சில.

நேரம். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு விடுமுறை இல்லை, அன்றுதான் விருந்து வரும், வேலை கூடும். மூன்று மணிக்கு மேல் போங்கள். ஆறு பேர் என்றால் மூன்று ஜோடி. ஒரு ஜோடி ஒரு நாளில் 12 வீட்டுக்கு மேல் ஒழுங்காக எடுக்க முடியாது. 36 வீடு ஒரு ஞாயிறு. 180-க்கு ஐந்து ஞாயிறு வேண்டும். மூன்றில் முடிக்கிறேன் என்று ஓடினால் கடைசி நாளில் நாலாம் எண் எல்லாம் பூஜ்யம் ஆகிவிடும்.

ஏரியாத் தலைவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகாதீர்கள். அனுமதிக்கு ஒருமுறை பாருங்கள், போதும். அவரே வட்டிக்கு விடுபவராக இருக்கலாம், லீசுக்கு வீடு விட்டவராக இருக்கலாம். அவர் பக்கத்தில் நிற்கும்போது தண்ணீர்ப் பிரச்சினை எந்த வீட்டிலும் இருக்காது.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டும். குடியிருப்புக்குள்ளேயே ஒதுக்கல் உண்டு, அதைப் படிவம் பார்க்க வேண்டும். குழாயில் ஒன்றரை மணி நேரம் வருகிறது என்றால் முதல் குடம் யாருக்கு, கடைசிக் குடம் யாருக்கு என்று கேளுங்கள். சொந்தக் கூரை உள்ளவர், பழைய வாடகைக்காரர், புதிதாக வந்தவர், காலுவே ஓரக் கடைசி வரிசை என்று ஓர் ஒழுங்கு இருக்கும். தனியாக இருக்கும் பெண்களும் திருநங்கைகளும் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களும் கடைசியில் நிற்பார்கள். குழாய் நின்ற பிறகு 20 லிட்டர் கேன் யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தால் அதே பெயர்கள்தான். தமிழர் குடியிருப்பு என்று மொத்தமாக எழுதினால் இது மறைந்துவிடும்.

படிவத்தின் தலைப்பிலேயே ஒரு வரி: 1973 கர்நாடகக் குடிசைப் பகுதிச் சட்டப்படி இந்த இடம் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டதா? ஸ்லம் போர்டில் கேட்டுத் தேதியோடு எழுதுங்கள். அறிவிக்கப்படாத இடம் என்றால் ஹக்கு பத்திரம் (குடியிருப்பு உரிமைப் பத்திரம்), வீட்டுத் திட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 180 வீட்டுக்கும் ஒரே மூச்சில் எண் 3. தனி வீட்டுக் குறையாக அதை எண்ணக் கூடாது. காலுவே ஓரம் என்பதால் இடிப்பு ஆபத்தும் உண்டு. 2013 ஜனவரியில் ஈஜிபுரா இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான) குடியிருப்பு இடிபட்டபோது சர்ஜாபுரா சாலைக்கு அப்பால் சூலிகுண்டேயை மாற்று இடமாகக் காட்டினார்கள். கோரமங்கலாவில் வீட்டு வேலை பார்த்தவர் அங்கிருந்து காலை ஆறரைக்கு எப்படி வருவார்? ஆகவே வேலையிடம் எத்தனை கிலோமீட்டர், எப்படிப் போகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். நாளைக்கு வழக்கு, மனு என்று வந்தால் வருமானக் கட்டத்தைவிட அதுதான் பயன்படும்.

ஆதார் எண், அட்டை எண் எதையும் குறிக்காதீர்கள். போட்டோவும் எடுக்க வேண்டாம். வீட்டுக்கு வரிசை எண் மட்டும் போதும்.

---

ஈஜிபுரா_47 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து ஞாயிறாக மாற்றிவிட்டோம், மாலை 3 முதல் 7. அந்த இரண்டு வீட்டின் பழைய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மதம் என்ற கட்டமே அதில் இல்லை, அட்டை வகையும் இல்லை. ஒரே சந்தேகம்: ஒன்பது இடமும் துணைக் கேள்விகளும் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு 20 நிமிடம் தாண்டுகிறது. எதை வெட்டலாம்?

---

நடைபாதை எழுதியது:

சாமான் பட்டியலை வெட்டுங்க. டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி, கட்டில் கேட்டே எட்டு நிமிஷம் போகும், வாசல்ல நின்னாலே பாதி தெரியும். போலீஸ் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்க, முதல்லயே கேட்டா கதவு சாத்திடுவாங்க. ரேஷன்ல ஆரம்பிங்க. அட்டையைக் கொண்டு வர உள்ள போவாங்க, திரும்பி வரும்போது பிளாஸ்டிக் பையில எல்லாத் தாளும் சேர்ந்து வரும். மஞ்சள்_கோப்பு அக்கா சொன்னதையும் அப்பவே பார்த்துடலாம்.